நாலாவது கட்டம்

முதல் நாள் எல்லோரும் வந்தார்கள்.
சுங்கை பினாங்கு வடிந்த மறுநாள்
லாரி லாரியாக அரிசி,
ஒய்பியின் ஆட்கள் ஒரே நிறச் சட்டையில்,
நேரலையில் அழத் தெரிந்த ஒரு பையன்.
எங்கள் சங்கத்துக்கு அன்று
வரிசையை நேராக்குவதுதான் வேலை.

பழந்துணி மூட்டைகளைப் பிரித்தோம்.
முழங்கை தேய்ந்த கோட்டு.
ஒற்றைச் செருப்பு.
ஒரு கூரைச்சேலை,
மடிப்பில் மஞ்சள் கறை அப்படியே.
"என்ன கோபத்தில் கொடுத்தாளோ"
என்றாள் புஷ்பவேணி.
நான் "சேலை 1" என்று எழுதினேன்.
அன்றிரவு பள்ளி மண்டபத்தில்
இரண்டு பூப்பந்துக் கம்பங்களுக்கு நடுவே
அதைக் கட்டினோம்,
பால் கொடுக்கும் ஒருத்திக்காக.
அது திரும்பி வரவில்லை.

நோட்டு என் பொறுப்பு.
பெயர், வீட்டு எண், தலைக்கணக்கு,
தேவை, கையெழுத்து.
நாலாவது கட்டத்தில்தான்
எப்போதும் இடம் போதாது.

மெத்தை, அடுப்பு, பால்மாவு,
இதெல்லாம் சுலபம்.
கீழ்த்தளத்து மரியசீலி சொன்னாள்:
"மகளோட பிறப்புப் பத்திரம்.
காயட்டும்னு இஸ்திரி போட்டேன்.
எழுத்தெல்லாம் துணிக்குப் போயிருச்சு."
அந்தத் துணியைக் காட்டினாள்.
ஊதா நிறத்தில்
தலைகீழாக ஒரு பெயர்.
பௌசியா மாக்சிக்குக்குத்
தையல் மெஷின் போனது பெரிதில்லை.
அதில் பாதி தைத்திருந்த பாஜு குரோங்
யாருடையதோ,
அவளிடம் யார் சொல்வது?
இதை எந்தச் சொல்லில் எழுதுவது?
மெஷின் என்று எழுதினேன்.

ஊய் அங்கிளுக்கு ஒன்றும் வேண்டாமாம்.
"தா பாயா, தா பாயா."
மூன்று முறை போனேன்.
மூன்று முறையும் எங்களுக்கே
கோப்பி ஓ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் மாதம் நாங்கள் நாலு பேர்.
தனசீலன் வயர்மேன்.
சுவர்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
"இன்னும் காயல" என்பான்.
ஃபியூஸைப் பையில் போட்டுக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போவான்.
இருட்டில் சோறு வடிக்கிறவர்கள்
அவனை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள்.
"ஏசட்டும் கா.
ஏசுறதுக்கு ஆள் இருக்கணும்ல."

அன்றைக்குச் சுண்ணாம்பு வாளி கொடுத்தோம்.
ஊய் அங்கிள் அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.
சுவருக்குத்தானே, தனக்கில்லையே.
நோட்டை நீட்டினேன்.
முகத்துக்கு அருகே கொண்டுபோனார்,
தள்ளிப் பிடித்தார்,
விரலால் கோட்டைத் தடவித் தடவிக்
கையெழுத்துப் போட்டார்,
நாலாவது கட்டத்தில்.

அப்போதுதான் உறைத்தது.
கோப்பிக் கடையில் ஒவ்வொரு முறையும்
நோட்டுகளை உள்ளங்கையில் விரித்து நீட்டி
எடுத்துக்கொள்ளச் சொன்னவர்.
பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடி எங்கே என்றேன்.
டிவி மேல் வைத்ததாம்.
டிவியோடு போனதாம்.
"தண்ணிக்கும் பார்வை மங்கல் போல"
என்று அவரே சிரித்தார்.

பொருளாளர் விக்டர் கணக்குக் கேட்டார்:
"இது எந்த நிதி? மெத்தையா, மின்சாரமா?"
ஒரு மணி நேரம் பேசினோம்.
கடைசியில் "இதர" என்று எழுதி
நூற்று நாற்பது ரிங்கிட்.

டத்தோ கெராமாட் சாலைக் கடையில்
புதுக் கண்ணாடியோடு
முதலில் என்னைத்தான் பார்த்தார்.
நன்றி வரும் என்று
முகத்தை ஆயத்தமாக வைத்திருந்தேன்.
"ஐயோ, நீ இவ்வளவு வயசானவளா?
குரலைக் கேட்டுச் சின்னப் பொண்ணுன்னு நினைச்சேனே."

வெளியே கொடிமலைமேல்
மறுபடி கருத்துக்கொண்டிருந்தது.
தனசீலன் அண்ணாந்து பார்த்துவிட்டு
மோட்டாரை உதைத்தான்.
இன்னும் பதினொரு வீடு.
பௌசியா மாக்சிக்கின் மெஷின்
வெள்ளிக்கிழமை வருகிறது.
அந்தப் பாஜுக்காரி யாரென்று
இன்னும் தெரியவில்லை.